வேலியில் ஒட்டிய அட்டை

ஆகஸ்ட் 6, புதன்

காலை 7.10. நிமிடத்துக்குப் பதினேழு சொட்டு.

மூன்றாம் நம்பர் லோடருக்கு அடியில் வெள்ளைத் தட்டு ஒன்றை வைத்து, செல்போனில் நேரம் பார்த்து எண்ணினேன். மூன்று முறை. 17, 17, 18. ஹைட்ராலிக் ஆயில்தான். இன்ஜின் ஆயில் என்றால் கறுத்திருக்கும். இது தேன் நிறம்.

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். ஹைட்ராலிக்ஸ் பயிற்சியில் ஒரு விஷயம் சொன்னார்கள்: பழுது தேடும்போது தேதி, நேரம், எண்ணிக்கை போட்டு எழுது, இல்லாவிட்டால் பார்த்த இடத்தையே திரும்பப் பார்ப்பாய். அதற்காக இந்த நோட்டு. கப்பல் போனதும் மூடிவிடுவேன்.

நிலவரம் இதுதான். 9-ஆம் தேதி தூத்துக்குடிக்கு யூரியா கப்பல் வருகிறது. கிரேன் அள்ளியது போக, கப்பலின் அடித்தளத்தில் மூலை முடுக்கில் ஒட்டிக் கிடக்கும் சரக்கை ஒதுக்கிக் கொடுக்க இந்தக் குட்டி லோடர்களைக் கயிறு கட்டி உள்ளே இறக்குவோம். உரத்தில் எண்ணெய் படக்கூடாது. அதனால் 8-ஆம் தேதி மாலை, சரக்கில் கலப்பு வராமல் பார்க்கிற சர்வேயர் வந்து ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் குனிந்து பார்ப்பார். ஒரு சொட்டு கண்டால் அந்த வண்டி கப்பலுக்குள் போகாது. ஒன்றாம் நம்பரின் இன்ஜின் கழற்றிக் கிடக்கிறது. இரண்டாம் நம்பர் மட்டும் பத்தாது. ஆக, மூன்றாவது போயே ஆகவேண்டும்.

ஆபரேட்டர் இன்னாசி அண்ணன் ஒன்பது மணிக்கு வந்தார். நேற்று மாதா கோயில் தேர். கண் இன்னும் சிவந்திருக்கிறது.

"என்ன எஞ்சினீயரே, தட்டு வச்சு உக்காந்திருக்கீரு? யாரும் காசு போடலியா?"

"நிமிஷத்துக்குப் பதினேழுண்ணே. தமாஷ் பண்ணாதீங்க."

"இது எங்க மாமியா மாதிரி தம்பி. அழுவுதது தெரியும், எதுக்குன்னு தெரியாது."

அவர் சீட்டில் ஏறினார். சீட்டில் ஆள் உட்கார்ந்து, மடிக்குக் குறுக்கே கம்பியை இறக்கினால்தான் இந்த வண்டியின் இரும்புக் கைகள் தூக்கும். ஆள் எழுந்தால் எல்லாம் செத்துவிடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள், பாதுகாப்புக்காக. அவர் லிவரைப் பிடிக்க, நான் வெளியே நின்று பார்த்தேன்.

டீசலால் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்து, வால்வில் இரண்டு ஓ-ரிங் ரப்பர் மாற்றினேன். மாலை 5.00: பதினேழு சொட்டு. ஒரு நாள் வீண்.


ஆகஸ்ட் 7, வியாழன்

வாளி சிலிண்டரின் சீல்தான் என்று முடிவு செய்து காலை முழுவதும் அதைக் கழற்றினேன். சீல் நன்றாகவே இருந்தது. இருந்தாலும் மாற்றினேன். மதியம் 1.40: பதினாறு.

யார்டில் இந்த மாதம் காற்று. நிற்கவே விடுவதில்லை. நிலக்கரித் தூசியும் உப்பும் சேர்ந்து, துடைத்த இடம் அரை மணியில் கறுத்துப்போகிறது. ஈரத்தைப் பார்த்து எண்ணெய் வந்த வழியைக் கண்டுபிடிக்கலாம் என்றால் எல்லா இடமும் ஈரம்.

மேனேஜர் எட்வின் சார் இரண்டு முறை வந்தார்.

"வேம்பு, முடியுமா முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லு, வாடகைக்குப் பாக்கேன்."

"முடியும் சார்."

"பயிற்சிக்கெல்லாம் அனுப்புனோம்லா உன்ன."

முடியும் என்றேன், மறுபடி.

சாப்பாட்டு நேரத்தில் ஓய்வறையில் கேரம். இன்னாசி அண்ணனிடம் தோற்றேன். ஜூனிலிருந்து கணக்கு: அவர் 31, நான் 2. அவர் ஸ்ட்ரைக்கரைத் தட்டுவதே கேட்காது. ஆள்காட்டி விரலை லேசாகச் சுண்டுவார், காய் தானாகக் குழிக்குள் போய் விழும். "உனக்கு அவசரம்டே, அதான் தோக்க" என்றார். ஒரு கையில் ஆடுகிறேன் வா என்று வேறு சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மாலை ஒரு விஷயம் பிடிபட்டது. கைகளைக் கீழே வைத்து இன்ஜினை ஓடவிட்டால் சொட்டு குறைகிறது. முழுக்கத் தூக்கி, லிவரை விடாமல் பிடித்தால் கூடுகிறது. அப்படியென்றால் தூக்குகிற லைனில்தான். பின்பக்கத் தூணுக்குள் ஓடுகிற ரப்பர்க் குழாய்கள், அதாவது ஹோஸ்கள். உள்ளே இருட்டு, கை நுழையும் அளவுக்குத்தான் இடம்.

சின்ன ஓட்டை என்றால் எண்ணெய் சொட்டாகத் தெரியாது. சதுர அங்குலத்துக்கு மூவாயிரம் பவுண்டு பிரஷரில் ஆவியாக அடிக்கும். அதைத் தேட ஒரு அட்டையை நீட்ட வேண்டும். அட்டையில் ஈரக்கோடு விழுகிற இடம்தான் ஓட்டை. ஃபில்டர் வந்த பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன். நாளை.


ஆகஸ்ட் 8, வெள்ளி

மதியம் 2.20. கண்டுபிடித்தாயிற்று!

இடதுபக்கப் பின் தூணுக்குள், குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பை ஒட்டி, ஹோஸில் ஊசிமுனை ஓட்டை. இரும்பில் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. பிரஷர் ஏறும்போது மட்டும் அடிக்கிறது. காற்று அதை அடித்த நொடியே கொண்டுபோய்விடுகிறது, மிச்சம் தூணுக்குள்ளேயே வழிந்து வண்டியின் வயிற்றுக்கு வந்து சொட்டுகிறது. நான் இரண்டு நாளாகக் குனிந்து கிடந்த இடத்துக்கும் ஓட்டைக்கும் நாலடி தூரம்.

அட்டை கைவசம் இல்லை. இன்னாசி அண்ணன் கையை விட்டுத் தடவிப் பார்த்ததில் தெரிந்தது. இந்த யார்டில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். வலதுகை ஆள்காட்டி விரலில் ஏதோ குத்தியது என்றார். பார்த்தேன். கடுகளவு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

"வலிக்கா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. லேசா மரத்தாப்ல இருக்கு."

பயிற்சியில் இந்த மாதிரி ஒரு படம் போட்டார்கள். அது வேறு கேஸ்.

வழியில் அவரைக் கிளினிக்கில் காட்டிவிட்டு, அப்படியே ஹோஸுக்கு முனை பிரஸ் பண்ணித் தருகிற கடைக்குப் போனேன். டாக்டர் என்ன குத்தியது என்று கேட்டார். ஆயில் பைப் என்றேன். கம்பியா என்றார். அந்த மாதிரிதான் என்றேன். டி.டி. ஊசி போட்டு, பிளாஸ்திரி ஒட்டி, இரண்டு மாத்திரை கொடுத்தார். பத்து நிமிடம்.

4.35: புது ஹோஸ் மாட்டியாயிற்று. கிளாம்புக்கு ரப்பர் வைத்தேன். பத்து நிமிடம் முழுப் பிரஷரில் ஓட்டினேன்.

சொட்டு: 0.

5.30: சர்வேயர் குனிந்தார், டார்ச் அடித்தார், எழுந்தார், கையெழுத்துப் போட்டார். எட்வின் சார் என் தோளில் தட்டினார். இன்னாசி அண்ணன் மாலையே கிளம்பிவிட்டார். கை கனக்கிறதாம்.


ஆகஸ்ட் 9, சனி

6.00. கப்பல் வந்துவிட்டது. இன்னாசி அண்ணன் வரவில்லை. போன் பண்ணினேன்.

"கை வீங்கிருச்சு தம்பி. ராத்திரி பூரா கண்ண மூடல."

மாத்திரை போட்டுக்கொண்டு படுங்கள் என்றேன். வேறு ஆபரேட்டரை வைத்து வண்டியை இறக்கினோம். நன்றாக ஓடுகிறது.

12.20. அவர் மனைவி பிரகாசி அக்கா கூப்பிட்டார். இறால் கம்பெனியில் வேலை செய்கிறவர், ஐஸில் கைவைத்து வைத்து விரல் வெளுப்பதைப் பார்த்துப் பழகியவர்.

"வேம்பு தம்பி, ஐஸ்ல வெளுக்கது வேற. இது வேற மாதிரி இருக்கு. விரல அமுக்குனா குழி விழுந்தது அப்படியே கெடக்கு. மனுசன் பல்லக் கடிச்சிட்டு அழுவுதாரு. கொஞ்சம் வாரியா?"

மணியைப் பார்த்தேன். குத்தி இருபத்திரண்டு மணி நேரம்.

4.00. பெரிய ஆஸ்பத்திரி. சர்ஜன் என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர் போலிருந்தார். விரலைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்வி.

"எத்தனை பவுண்டு?"

"மூவாயிரம்."

"நேத்து பாத்த டாக்டர்கிட்ட மூவாயிரம்னு சொன்னீங்களா?"

நான் சொன்ன பதில் நினைவில் இல்லை.

"ஆயில் உள்ள போயிருக்கு சார். தோலுக்கு அடியில, உள்ளங்கை வரைக்கும். வெளிய புள்ளிதான் தெரியும். முதல் ஆறு மணி நேரத்துல தொறந்து கழுவியிருந்தா கதை வேற." நர்ஸைக் கூப்பிட்டு தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார். பிரகாசி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணி நேரம் என்பது அவருக்கும் கேட்டது.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள்.


ஆகஸ்ட் 11, திங்கள்

கப்பலில் இரண்டாவது சரக்கறை முடிந்தது. மூன்றாம் நம்பர் சொட்டு: 0. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

எட்வின் சார் விபத்து அறிக்கைப் படிவத்தை மேசையில் வைத்தார்.

"நீதான் அங்கன நின்ன. நீயே எழுது."

"என்ன சார் எழுத?"

"நடந்தத எழுது. வண்டி ஓடிட்டிருந்துச்சு. ஆபரேட்டர் தானா கைய விட்டாரு. அட்டைய வச்சுதான் பாக்கணும்னு போன மாசம் நீ வகுப்பு எடுத்தேல்லா, அதுக்கு அவரு கையெழுத்துப் போட்ட தாள் இருக்கு. அத பின் பண்ணிரு."

ஜூலையில் ஆபரேட்டர்கள் ஆறு பேருக்கு அரை மணி நேர வகுப்பு எடுத்தேன். கையால் தடவாதே, அட்டையை நீட்டு. படம்கூட வரைந்தேன். இன்னாசி அண்ணன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். கையெழுத்தும் போட்டார்.

எழுதிக் கொடுத்தேன்: "இயந்திரம் இயங்கிக்கொண்டிருந்த நிலையில், ஆபரேட்டர் விதிமுறைக்கு மாறாகத் தன்னிச்சையாகக் கையை உள்ளே செலுத்தினார்."

எட்வின் சார் படித்தார். தலையாட்டினார். எடுத்து வைத்தார். ஹார்பர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்தும் ஒருவர் வந்து படித்தார். விதி மீறல் என்பதால் இன்னாசியின் ஹார்பர் பாஸ் ரத்தாகும் என்றார். பாஸ் இல்லாதவன் கேட்டுக்குள் கால் வைக்க முடியாது. கை ஆறினாலும் சரி, டோக்கன் கொடுக்கிற வேலைக்குக்கூட வர முடியாது.

படிவத்தில் பதினான்கு கட்டங்கள். சீட்டில் யார் இருந்தார் என்று கேட்கும் கட்டம் இல்லை. அவர்கள் இருவரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று காலையில் நினைத்தேன்.

கை தலையணைமேல் கிடக்கிறது, முழங்கை வரை கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரல் சாம்பல் நிறம். பிரகாசி அக்கா இளநீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு ஊற்றவில்லை.

"வா எஞ்சினீயரே. கப்பல் போச்சா?"

"நாளைக்குப் போயிரும்ணே."

"வண்டி சொட்டுதா?"

"இல்ல."

"பரவால்ல. நல்லா மாட்டியிருக்க." தலையணைமேல் கிடந்த கையைப் பார்த்தார். "கேரம் கணக்கு முப்பத்தி ஒண்ணுக்கு ரெண்டு. இனிமே நீ புடிச்சிருவ."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

பிரகாசி அக்காதான் கேட்டார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு வெளங்கல தம்பி. அன்னைக்கு வலியே இல்லன்னு சொன்னாருலா. வலிக்காத காயம் எப்படி இப்படி ஆவும்?"

அந்த பிரஷரில் எண்ணெய் ஊசி மாதிரி இறங்கும், நரம்பு மரத்துப்போகும், அதனால் முதலில் தெரியாது என்று விளக்கினேன். வகுப்பில் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். பாதியிலேயே, என் வாயால் நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்போ ஒனக்குத் தெரியும்" என்றார் அக்கா. கேள்வி மாதிரி இல்லை. டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

இன்னாசி அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து படிச்சுக் காட்டினாவ. நீ எழுதுனத."

"அண்ணே..."

"கைய விட்டது நாந்தான். அதுல பொய் இல்ல. விடச் சொன்னது யாருன்னு ஒரு வரி எழுதிருக்கலாம்லா டே."

கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள்.

சர்ஜனை வராந்தாவில் பிடித்தேன். கறுப்பு மேலே ஏறுகிறது. 14-ஆம் தேதி காலை 10 மணிக்குத் திரும்பத் திறக்கிறார்கள். கட்டைவிரலும் உள்ளங்கையும் நிற்குமா, மணிக்கட்டோடு போகுமா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியுமாம்.


ஆகஸ்ட் 13, புதன்

மாலை 5.50. யார்டில் யாரும் இல்லை. கப்பல் போய்விட்டது.

மூன்றாம் நம்பரில் ஏறி, இன்ஜினைப் போட்டு, மடிக்கம்பியை இறக்காமல் லிவரை இழுத்தேன். ஒன்றும் அசையவில்லை. ஐந்து முறை. அசையவில்லை. கம்பியை இறக்கினேன். கைகள் தூக்கின.

சீட்டில் ஆள் இல்லாமல் அந்த லைனில் பிரஷர் வராது. பிரஷர் இல்லாமல் அந்த ஓட்டை யாரையும் குத்தாது. அவர் கை தூணுக்குள் இருந்தது என்றால், சீட்டில் வேறொருவர் இருந்தாக வேண்டும். என் அறிக்கையைப் பொய் என்று சொல்ல வேறு சாட்சி வேண்டாம், இந்த வண்டியே போதும். ஆனால் வண்டியைக் கேட்கத் தெரிந்தவன் இந்த யார்டில் நான் ஒருவன்தான்.

8-ஆம் தேதியின் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். பார்த்த இடத்தையே திரும்பப் பார்க்காமல் இருக்கத்தான் இந்த நோட்டு. பார்க்காமல் விட்ட இடத்தை இப்போது எழுதுகிறேன்.

1.55. இன்னாசி அண்ணன் சீட்டில். நான் வெளியே, கையில் அட்டை.

2.05. அவர் லிவரைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார். "காலையில இருந்து பிடிச்சு மணிக்கட்டு வலிக்குடே" என்றார். எனக்கு எரிச்சல். சர்வேயர் வர மூன்றரை மணி நேரம், ஹோஸ் கடை போய்வர ஒன்றரை.

2.10. "இறங்குங்க, நான் பிடிக்கேன்" என்றேன். இடம் மாறினோம். அட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

2.14. காற்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனது. "அட்டை கைவசம் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அட்டை இருந்தது. இருநூறடி தள்ளிக் கம்பி வேலியில் ஒட்டிக்கொண்டு படபடத்தது. சீட்டில் இருந்தபடி எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் அதை எடுக்க நடக்க ஆரம்பித்தார். போய் வர இரண்டு நிமிடம்.

2.15. நான் கத்தினேன். "எங்கண்ணே போறீங்க? அத விடுங்க. கைய விட்டுப் பாருங்க, சட்டுனு முடியும்."

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். "வகுப்புல வேணாம்னியே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"வகுப்பு வேற, வேலை வேற" என்றேன்.

அவர் திரும்பி வந்து கையை விட்டார். நான் லிவரைக் கடைசிவரை இழுத்துப் பிடித்தேன்.

2.20. புள்ளியைப் பார்த்ததுமே பயிற்சியில் போட்ட படம் நினைவுக்கு வந்தது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை பிளந்து வைத்த கை. வேறு கேஸ் இல்லை. இதே கேஸ். டாக்டரிடம் மூவாயிரம் என்று சொன்னால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார், அறிக்கை கேட்பார்கள், வண்டியை நிறுத்துவார்கள், சர்வேயர் வந்துவிடுவார். இதெல்லாம் கிளினிக் படியில் ஏறுவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். கம்பியா என்று அவர் கேட்டபோது எனக்குச் சுலபமாகிவிட்டது.

ஓய்வறையில் கேரம் பலகை சுவரில் சாய்ந்திருக்கிறது. ஸ்ட்ரைக்கரை அவர் வழக்கம்போல் பவுடர் டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தொடவில்லை.

வெளியே வந்து வேலிக்குப் போனேன். அட்டை அங்கேயேதான் இருக்கிறது, ஐந்து நாள் காற்றுக்கும் அசையாமல், கம்பிக்குள் மாட்டிக்கொண்டு. ஒரு சொட்டு எண்ணெய்கூட அதில் படவில்லை. வண்டிக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி நடந்து போய் எடுத்து வந்தேன். நேரம் பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பது நொடி.

நாளை:

1. காலை 8.00. எட்வின் சார் மேசை. அறிக்கையைத் திரும்பக் கேட்பது. தர மறுத்தால் நின்று வாதாடாமல் கிளம்புவது.

2. 8.30. ஹார்பர் பாதுகாப்பு அலுவலகம். புது அறிக்கை, என் கையெழுத்தில். மூன்று வரி: சீட்டில் இருந்தது நான். அட்டையை எடுக்க விடாமல் கையை விடச் சொன்னது நான். டாக்டரிடம் பிரஷரை மறைத்தது நான்.

3. பழைய ஹோஸ் துண்டு, இந்த அட்டை, இந்த நோட்டு மூன்றையும் அங்கேயே கொடுப்பது. 8-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அதுவும் சேர்ந்துதான் போகவேண்டும்.

4. அவர்கள் என் பாஸைக் கேட்பார்கள். கேட்கும் முன்பே மேசையில் வைப்பது. இன்னாசி அண்ணனுடைய பாஸைத் திரும்பக் கேட்பது.

5. 9.30-க்குள் பெரிய ஆஸ்பத்திரி. பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். மயக்க ஊசி போடும் முன், அந்த மூன்று வரியை அவருக்கும் பிரகாசி அக்காவுக்கும் படித்துக் காட்டுவது. மன்னிப்பு என்று எதையும் கேட்கக் கூடாது.

6. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது. எவ்வளவு நேரம் ஆனாலும் மணியைப் பார்க்காமல்.